படிக்காதவர் யார்? பிழைச்செய்திகள் பற்றிச் சில குறிப்புகள்

“யூசர் எங்க சார் படிக்கிறாங்க? எது வந்தாலும் ஓகேயை அமுக்கிட்டுப் போயிடுறாங்க.” நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, இருபது வருஷத்துக்கும் மேலாக, காதில் விழும் வசனம் இது. சப்போர்ட்டில் இருப்பவர் சொல்வார், டெஸ்டர் சொல்வார், டிசைனர் கொஞ்சம் நாகரிகமாகச் சொல்வார். மறுத்துப் பேசியவர் அபூர்வம். சரி, இதற்கு என்னதான் ஆதாரம் இருக்கிறது பார்ப்போம் என்று கொஞ்ச நாளாகப் பழைய அறிக்கைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படிக்கப் படிக்க, வசனம் தலைகீழாக இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. பயனர் ஆரம்பத்தில் படிக்கத்தான் செய்கிறார். இதைப் படிப்பதால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று மென்பொருளே அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுக்கிறது. பாடத்தை ஒழுங்காகக் கற்றுக்கொண்டவரைத்தான் நாம் கவனம் இல்லாதவர் என்கிறோம்.

இங்கே முக்கியமாக இரண்டு ஆவணங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, தெராக்-25 விபத்துகளைப் பற்றி நான்சி லெவசனும் கிளார்க் டர்னரும் 1993இல் ஐஇஇஇ கம்ப்யூட்டர் இதழில் எழுதிய அறிக்கை. மற்றது, எஸ்எஸ்எல் எச்சரிக்கைகளைத் திருத்தி எழுதிய அனுபவம் பற்றி கூகுள் குரோம் குழுவினர் 2015இல் வெளியிட்ட கட்டுரை. முதலாவதை எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள், ஆனால் பாதிப் பாடத்தைத்தான் எடுக்கிறார்கள். இரண்டாவதோடு எனக்கு ஒரு சண்டை இருக்கிறது.

தெராக்-25 என்பது ஏஇசிஎல் என்ற கனடா நாட்டு அரசு நிறுவனம் செய்த கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரம். புழக்கத்தில் இருந்தவை மொத்தமே 11; அமெரிக்காவில் 5, கனடாவில் 6. 1985 ஜூனுக்கும் 1987 ஜனவரிக்கும் இடையில் ஆறு நோயாளிகள் மேல் அளவுக்கு மிஞ்சிய கதிர்வீச்சு பாய்ந்தது. மென்பொருள் பொறியியல் வகுப்புகளில் இந்தக் கதை கட்டாயம் வரும். ரேஸ் கண்டிஷன் என்பார்கள். முந்தைய மாடல்களில் இருந்த வன்பொருள் பூட்டுகளை எடுத்துவிட்டு மென்பொருளை மட்டும் நம்பினார்கள் என்பார்கள். அத்தோடு மணி அடித்துவிடும். அந்தத் திரையில் என்ன எழுதியிருந்தது, அதை வாசித்த மனுஷிக்கு அது என்னவாகப் பட்டிருக்கும் என்பதற்கு நேரம் இருக்காது.

1986 மார்ச் 21. டெக்சஸ் மாநிலம், டைலர் என்ற ஊரில் உள்ள புற்றுநோய் மையம். ஆபரேட்டர் அனுபவசாலி, வேகமாகத் தட்டுபவர். எலெக்ட்ரான் சிகிச்சைக்கு ‘இ’ அடிக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ அடித்துவிட்டார். கவனித்துவிட்டு, மேல் அம்புக்குறி விசையால் திரும்பிப் போய்த் திருத்தினார். எல்லாம் சரி என்று திரை சொன்னது. தொடங்கினார். இயந்திரம் நின்றது. திரையில் ‘மால்ஃபங்ஷன் 54’.

54 என்றால் என்ன? இயந்திரத்தோடு இருந்த தாளில் ‘டோஸ் இன்புட் 2’ பிழை என்று போட்டிருந்தது, அவ்வளவுதான். ஆபரேட்டர் கையேட்டில் இந்த எண்களைப் பற்றி ஒரு வரி கிடையாது. கதிர்வீச்சின் அளவு கூடிவிட்டது அல்லது குறைந்துவிட்டது என்பதுதான் அந்தச் செய்தியின் பொருள் என்பது பிறகுதான் வெளியே வந்தது. கூடியதா குறைந்ததா என்று பிரித்துச் சொல்லாத செய்தி! உப்பு கூடினாலும் இல்லாவிட்டாலும் ‘உப்பு விஷயம்’ என்று மட்டும் சொல்லும் சமையல்காரர் மாதிரி. ஆனால் அதே திரையில் இன்னொரு தகவலும் இருந்தது: கேட்டது 202 அலகு, போனது 6 அலகுதான் என்று. சிகிச்சை ‘பாஸ்’ நிலையில் நிற்கிறது, அதாவது தொடரலாம் என்றும் இருந்தது.

இப்போது அந்த ஆபரேட்டரின் நாற்காலியில் உட்கார்ந்து பாருங்கள். அளவு குறைவு என்கிறது திரை. தொடரலாம் என்கிறது. அவர் ‘பி’ விசையை அமுக்கினார். ‘பி’ என்றால் புரொசீட். உள்ளே படுத்திருந்தவர் மேல் இரண்டாவது முறையும் பாய்ந்தது. அன்றைக்குப் பார்த்து அறைக்குள் நடப்பதைக் காட்டும் வீடியோ இணைக்கப்படவில்லை, ஒலிக்கருவியும் பழுது. நோயாளி எழுந்து வந்து கதவைத் தட்டிய பிறகுதான் வெளியே தெரிந்தது. ஐந்து மாதத்தில் அவர் இறந்துபோனார். முதல் சம்பவம் நடந்த மூன்றே வாரத்தில், ஏப்ரல் 11 அன்று, அதே மையத்தில், அதே ஆபரேட்டர் கையில், அதே 54 மறுபடி வந்தது. அந்த நோயாளி மே முதல் தேதி இறந்தார்.

இவர் படிக்கவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா? திரையில் இருந்த ஒவ்வொரு எழுத்தையும் படித்து, அதன்படிதான் நடந்திருக்கிறார். விபத்தில் சம்பந்தப்பட்ட ஓர் ஆபரேட்டரின் சாட்சியமும் அறிக்கையில் இருக்கிறது. இயந்திரம் எதற்காவது நின்றுகொண்டே இருப்பது அன்றாடம் நடப்பதுதான். நின்ற காரணங்களை எல்லாம் நினைவில் வைத்திருக்க முடியாத அளவுக்கு அவை நிறைய. பயிற்சியின்போது, இதில் அவ்வளவு பாதுகாப்பு அமைப்புகள் இருப்பதால் நோயாளிக்கு அதிக அளவு போவது கிட்டத்தட்ட நடக்காத காரியம் என்று அவர் புரிந்துகொள்ளும்படி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். வேறொரு மருத்துவமனையில் சில நாட்களில் சுமார் 40 முறை இப்படி மால்ஃபங்ஷன் வந்ததாகவும் பதிவாகியிருக்கிறது. ஒரு நாளைக்கு 40! சாப்பாட்டு நேரத்தைக் கழித்துப் பார்த்தால் பத்துப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒன்று.

இன்னும் ஒரு விவரம் முக்கியமானது. ‘பாஸ்’ நிலையில் ‘பி’யை ஐந்து தடவை வரை அமுக்கலாம்; அதற்கு மேல்தான் இயந்திரம் முழுசாக நிற்கும். கனடாவின் ஹாமில்டனில் 1985 ஜூலையில் நடந்தது அதுதான். ‘எச்-டில்ட்’ என்று ஒரு செய்தி, ‘நோ டோஸ்’ என்று ஒரு காட்டி. ஆபரேட்டர் ‘பி’ அமுக்கினார், மறுபடி நின்றது, மறுபடி ‘பி’. ஐந்தாவது நிறுத்தத்தில் இயந்திரம் கைவிரித்தது. டெக்னீஷியன் வந்து பார்த்து ஒன்றும் கோளாறில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். எதுவும் போகவில்லை என்று திரை சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க நோயாளி மேல் பாய்ந்துகொண்டிருந்தது.

ஐந்து தடவை ‘பரவாயில்லை, மேலே போ’ என்று அனுமதிக்கும் இயந்திரம், தன் செய்தி அவ்வளவு ஒன்றும் முக்கியமில்லை என்றுதானே சொல்கிறது? இங்கே உண்மையான பிழைச்செய்தி 54 என்ற எண் கிடையாது, ‘பி’ என்ற விசைதான். வார்த்தையில் என்ன எழுதினாலும், அதைத் தாண்ட எத்தனை வினாடி ஆகிறது என்பதை வைத்துத்தான் மனுஷன் அதன் கனத்தை அளக்கிறான். லெவசனும் டர்னரும் இதை எழுதாமல் இல்லை, தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். அறிக்கையைச் சுருக்கி வகுப்பில் சொல்பவர்கள்தான் விட்டுவிடுகிறார்கள், நிரலில் இருக்கும் பிழையைக் கரும்பலகையில் வரைவது சுலபம் என்பதாலோ என்னவோ.

டைலர் சம்பவத்துக்குப் பிறகு ஏஇசிஎல் முதலில் அனுப்பிய தீர்வு என்ன தெரியுமா? மேல் அம்புக்குறி விசையின் மூடியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் தொடர்பை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள் என்று ஒரு கடிதம். அமெரிக்காவின் எஃப்டிஏ இது போதாது என்று திருப்பிவிட்டது. அதன் பிறகு வந்த திருத்தத் திட்டத்தில்தான், புரியாத மால்ஃபங்ஷன் எண்களுக்குப் பதில் பொருளுள்ள செய்திகள் வரும், அளவு சம்பந்தமாக நின்றால் ‘பி’ போட்டுத் தொடர முடியாது என்றெல்லாம் சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு விண்டோஸ் விஸ்டாவை நினைத்தால் சிரிப்பு வரும். 2007இல் கடைக்கு வந்தது, நினைவிருக்கலாம். எதைத் தொட்டாலும் திரை இருண்டு, அனுமதிக்கவா என்று கேட்கும். 2008இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆர்எஸ்ஏ மாநாட்டில் மைக்ரோசாஃப்டின் டேவிட் கிராஸ், பயனரை எரிச்சலூட்டத்தான் அதை வைத்தோம் என்று வெளிப்படையாகவே சொன்னார். பயனர் எரிச்சலானால் மென்பொருள் நிறுவனங்களிடம் புகார் போகும், அவர்கள் நிரலை ஒழுங்காக எழுதுவார்கள் என்பது கணக்கு. அதாவது கடிதம் எழுதியது நிரலாளருக்கு, போட்டது பயனர் வீட்டுத் தபால் பெட்டியில். தனக்கு வராத கடிதத்தை அவர் ஏன் படிக்க வேண்டும்?

உலாவிகளுக்கு வருவோம். 2013இல் தேவதத்தா அகாவேயும் ஏட்ரியன் போர்ட்டர் ஃபெல்ட்டும் குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்ட எச்சரிக்கைத் தோற்றங்களை எண்ணிப் பார்த்தார்கள். எச்சரிக்கையைத் தாண்டிப் போனவர்களின் விகிதம் இப்படி: தீநிரல் எச்சரிக்கையில் ஃபயர்ஃபாக்ஸில் 7.2%, குரோமில் 23.2%. எஸ்எஸ்எல் எச்சரிக்கையில் ஃபயர்ஃபாக்ஸில் 33%, குரோமில் 70.2%. அதற்கு முன்பு வரை ஆய்வகத்தில் நூறு பேரை உட்காரவைத்துப் பார்த்து ‘யாரும் மதிப்பதில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த கூட்டத்துக்கு இது நல்ல அடி.

குரோம் கணக்கை மட்டும் பாருங்கள். ஒரே உலாவி. ஒரு சிவப்புப் பக்கத்துக்கு நாலில் மூன்று பேர் நின்று திரும்புகிறார்கள், இன்னொன்றுக்கு பத்தில் ஏழு பேர் தாண்டிப் போகிறார்கள். ‘யூசர் படிக்க மாட்டார்’ என்பது உண்மையானால் இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? அனுமதித்த தளத்தை ஃபயர்ஃபாக்ஸ் நினைவில் வைத்துக்கொள்ளும், அன்றைய குரோம் மறந்துவிடும் என்பது இரண்டு உலாவிகளுக்கு இடையே உள்ள இடைவெளியை ஓரளவு விளக்கும். குரோமுக்குள்ளேயே இருக்கும் இடைவெளிக்கு நான் காண்கிற காரணம் வேறு. தீநிரல் எச்சரிக்கை பெரும்பாலும் உண்மையாக இருக்கும். எஸ்எஸ்எல் எச்சரிக்கை பெரும்பாலும் பொய் எச்சரிக்கையாக இருக்கும். நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் உள்தளத்தின் சான்றிதழ் காலாவதியாகி மாதக்கணக்கில் கிடந்தது. புதுசாகச் சேர்பவர்களிடம் முதல் நாளே “சிவப்பா வரும், பயப்படாதீங்க, அட்வான்ஸ்டு போய் புரொசீட் கொடுங்க” என்று சொல்லிவிடுவார்கள். அடுத்த வாரம் அதே ஆட்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி: எச்சரிக்கை வந்தால் தாண்டவே கூடாது.

இனி என் சண்டை. 2015 கட்டுரையில் குரோம் குழு அந்த எஸ்எஸ்எல் பக்கத்தைப் புதிதாக எழுதியது. இலக்கு இரண்டு: மக்களுக்குப் புரிய வேண்டும், மக்கள் அதைக் கேட்க வேண்டும். எளிய சொற்கள், குறைந்த வாக்கியங்கள், படம் என எல்லாம் செய்துபார்த்தார்கள். புரிதல் உருப்படியாகக் கூடவில்லை. அதில் தோற்றோம் என்று கட்டுரைச் சுருக்கத்திலேயே ஒப்புக்கொள்கிறார்கள். இந்த நேர்மை அபூர்வம், அதற்கு ஒரு சலாம். ஆனால் கேட்டு நடப்பவர்கள் ஏறக்குறைய 30% கூடினார்கள். எப்படி? ‘பேக் டு சேஃப்டி’ என்று பளிச்சென ஒரு பெரிய பொத்தான், ‘தொடர்’ என்ற வழியை ‘அட்வான்ஸ்டு’ என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தல். கட்டுரையின் முடிவு: புரியவைக்க ரொம்ப மெனக்கெடாதீர்கள், வடிவமைப்பால் நல்ல பக்கம் தள்ளுங்கள்.

தனியாக ஒரு பக்கத்துக்கு இது நியாயமான முடிவுதான். கோடிக்கணக்கானவர் பார்க்கும் திரையில் சான்றிதழ் என்றால் என்ன என்று மூன்று வரியில் பாடம் நடத்த முடியாது. ஆனால் எல்லோரும் பின்பற்ற வேண்டிய பொது விதியாக இதை எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? பயனர் கற்றுக்கொள்வது: சிவப்புத் திரை வந்தால் யோசிக்காதே, பெரிய பொத்தான் சொல்வதைச் செய். இதே பாடத்தை நம்பித்தான் ‘உங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ், உடனே இந்த எண்ணை அழைக்கவும்’ என்ற போலித் திரைகள் பிழைக்கின்றன. அதே சிவப்பு, அதே அதட்டல், கூடவே ஒரு டோல்-ஃப்ரீ நம்பர். மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர்களில் நிறைய பேர் நம் நாட்டுக் கால் சென்டர்களில் இருந்தார்கள் என்பது வெட்கக்கேடான தனிக் கதை. பணத்தை இழந்த அமெரிக்கத் தாத்தா எச்சரிக்கையைக் கவனிக்காதவர் இல்லை. கவனித்து, கீழ்ப்படிந்தவர். கவனம் என்று கட்டுரை அளந்தது கீழ்ப்படிதலை. இரண்டுக்கும் உள்ள தூரத்தில்தான் அந்தத் தாத்தாவின் சேமிப்பு போனது.

அதே குழுவைச் சேர்ந்தவர்கள் 2017இல் வெளியிட்ட இன்னொரு கட்டுரை எனக்கு இதைவிடப் பிடித்தது, அதைப் பற்றிப் பேசுபவர்கள்தான் குறைவு. எச்சரிக்கையை எப்படி எழுதலாம் என்பதை விட்டுவிட்டு, அது ஏன் வருகிறது என்று தோண்டினார்கள். பாதிக்கு மேல் தளத்தின் தப்பே இல்லை. பயனரின் கணினியிலோ நடுவில் உள்ள நெட்வொர்க்கிலோ கோளாறு. அதில் ஒரு பெரிய காரணம் கடிகாரம். மதர்போர்டு பேட்டரி செத்து, தேதி பல வருஷம் பின்னால் போயிருந்தால், உலகத்தில் உள்ள எல்லாச் சான்றிதழும் தப்பாகத் தெரியும். இப்போது குரோம் இதைக் கண்டுபிடித்தால் ‘உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது’ என்று சொல்லி, தேதியைத் திருத்த ஒரு பொத்தானும் தருகிறது. என்ன நடந்தது, யாருடைய விஷயம், என்ன செய்யலாம், மூன்றும் அதில் இருக்கிறது. இன்னொரு பக்கம், 2015 கடைசியில் பொதுப் புழக்கத்துக்கு வந்த லெட்ஸ் என்கிரிப்ட், சான்றிதழை இலவசமாகவும் தானாகப் புதுப்பிக்கும்படியும் கொடுத்தது. எத்தனையோ பொய் எச்சரிக்கைகள் பிறக்காமலே போயின. கவனத்தை ஈர்க்க இதைவிட நல்ல வேலையை எந்த டிசைனரும் செய்ததில்லை என்பேன்.

நிரலாளர்கள் மட்டும் என்ன ஒழுங்கு என்று கேட்பீர்கள். 2017இல் டைட்டஸ் பாரிக்கும் கூட்டாளிகளும் நிரலாளர்களின் கண் அசைவை அளந்து பார்த்தார்கள். கம்பைலர் பிழைச்செய்திகளை அவர்கள் படிக்கத்தான் செய்கிறார்கள். அதைப் படிக்கும் சிரமம் மூல நிரலைப் படிக்கும் சிரமத்துக்குச் சமமாக இருக்கிறது. இது தெரிந்ததாலோ என்னவோ எல்ம், ரஸ்ட் போன்ற மொழிக்காரர்கள் உட்கார்ந்து செய்திகளைத் திருத்தி எழுதினார்கள்: இந்த வரி, இந்த இடம், ஒருவேளை இதைத்தான் எழுத நினைத்தீர்களோ என்று. நமக்கு என்றால் இவ்வளவு அக்கறை வருகிறது.

தமிழில் இந்த விஷயம் இன்னும் சுவாரசியம். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் புரியும் ஒரே பிழைச்செய்தி எது? “சர்வர் டவுன்.” வங்கியில், இ-சேவை மையத்தில், பத்திரப்பதிவு அலுவலகத்தில் கேட்டிருப்பீர்கள். கிண்டலுக்குச் சொல்லவில்லை. “சர்வர் டவுன், மத்தியானமா வாங்க” என்று கவுன்ட்டரில் இருப்பவர் சொல்வது, அவர் திரையில் இருப்பதைவிட நல்ல செய்தி. தப்பு உங்கள் மேல் இல்லை, இப்போது நின்று பயனில்லை, எப்போது வர வேண்டும், எல்லாம் வந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைக்கும்போதும் அப்படித்தான். ஆதார் சரிபார்ப்பின் நெறிமுறையில், ரேகை ஒத்துப்போகவில்லை என்பதற்கு 300 என்று ஒரு எண். கடைக்காரர் அதை “ரேகை விழலம்மா, கையைத் துடைச்சிட்டு வைங்க” என்று மொழிபெயர்க்கிறார். நடுவில் இந்த மனிதர் இல்லாமல் அந்த அம்மாவை ஒரு செயலியோடு தனியாக விட்டால், அவருக்குக் கிடைப்பது வெறும் 300தான், அரிசி இல்லை.

சில வருஷம் ஒரு கட்டற்ற மென்பொருளின் செய்திகளைத் தமிழாக்கும் குழுவில் இருந்தேன். மொழிபெயர்ப்பாளர் கைக்கு வருவது துண்டு துண்டான சரங்கள். ‘முடியவில்லை’ என்பதற்கான ஆங்கிலம் முன்னால், பிறகு ஒரு வெற்றிடத்தில் வினை, இன்னொரு வெற்றிடத்தில் பொருள். ஆங்கிலத்தில் எதைப் போட்டு நிரப்பினாலும் ஒப்பேறும். தமிழில் வினை கடைசிக்குப் போக வேண்டும், பொருளோடு ‘ஐ’ ஒட்ட வேண்டும், ஒட்டினால் சந்தி மாறும். கோப்பு என்பதோடு ‘ஐ’ சேர்ந்தால் கோப்பை. டீ குடிக்கிற கோப்பையைத் திறக்க முடியவில்லை என்று படித்துவிட்டு ஒரு நண்பர் விழுந்து விழுந்து சிரித்தார். ‘பிழை’ என்ற சொல்லும் லேசுப்பட்டதில்லை. தவறுவதும் பிழைதான், உயிர் தப்புவதும் பிழைத்தல்தான். ஆனால் திரையில் தனியாக ‘பிழை!’ என்று வந்தால், தான் ஏதோ செய்துவிட்டதாகவே நம் ஆட்கள் பதறுகிறார்கள்.

நெட் இல்லாதபோது வரும் செய்திக்கு ஒருவர் ‘பிணைய இணைப்பு கண்டறியப்படவில்லை’ என்று போட்டிருந்தார். இலக்கணம் சுத்தம். யார் கண்டறியவில்லை, நான் என்ன செய்யணும் என்பது மட்டும் இல்லை. இன்னொருவர் ‘நெட் இல்லை’ போதும் என்றார்; கொச்சை என்று எதிர்ப்பு வந்தது. நாலு நாள் மின்னஞ்சல் சண்டைக்குப் பிறகு, ‘இணையத்தில் இணைய முடியவில்லை. வைஃபை இயங்குகிறதா என்று பாருங்கள்’ என்பதற்கு எல்லோரும் இறங்கி வந்தோம். கடைசியில் முதல் வாக்கியம்தான் ஏறியது. இரண்டாவதற்கு ஆங்கில மூலத்தில் எதுவுமே இல்லையாம். மூலத்தில் இல்லாததைச் சேர்க்க மொழிபெயர்ப்பு விதியில் இடம் கிடையாது.